பர்ஹானாவின் ஆட்டுக்கடா

போன பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கட்டிலில் குப்புறக் கிடந்து, தலையணையில் என் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, ஏதோ கார்ட்டூன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதெல்லாம் எனக்கு ஒரே இரைச்சல்தான். அன்றைக்கு அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒரு ஆடு கத்தியது. திரும்பிப் பார்த்தால் கடற்கரையில் ஒரு வெளிச்சவீடு, ஒரு தகரப் படகு, அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் ஒற்றைக் கொம்பு ஆட்டுக்கடா. மடித்துக்கொண்டிருந்த சாரம் கையை விட்டு விழுந்தது.

“இது எங்கட ஆட்டுக்கடா படமெல்லோ!” என்றேன்.

புதிதாக எடுத்திருக்கிறார்களாம். நிறமெல்லாம் பளபளவென்று இருந்தது. பிள்ளைகளின் தலைமயிர்கூடத் தனித்தனியாகக் காற்றில் ஆடியது. எல்லாரும் சுத்தமான தமிழில் கதைத்தார்கள். ஆனால் கதை அதேதான். கடலில் இருந்து ஒரு மூடுபனி வந்து ஊரின் சத்தங்களையெல்லாம் விழுங்கிவிட்டுப் போய்விடும். மணியை அடித்தால் கேட்காது, நாய்க்கு வாய் மட்டும் அசையும், தாய் கூப்பிட்டால் பிள்ளைக்குத் தெரியாது. வெளிச்சவீட்டில் இருந்ததால் தப்பிய அந்த இரண்டு பிள்ளைகளும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரு சத்தத்தை மீட்டுப் போத்தலில் அடைத்து வருவார்கள்.

நான் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். முன்னமே படம் பார்த்துவிட்ட ஆளின் மிதப்பு எனக்கு. “அந்த ஆடு ஆரெண்டு தெரியுமோ? அதுதான் அவையின்ட அப்பா. பிள்ளையளுக்குத் தெரியாது.”

மகள் படத்தை நிறுத்தினாள். “அம்மா, நான் கடைசி மட்டும் பாத்திட்டன். அது வெறும் ஆடு.”

அந்த நேரம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புதிதாக எடுத்தவர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரிய விமர்சகர் போலச் சொன்னேன். அந்தத் தொடர் சிறுவர்களுக்கான ஆங்கிலப் புத்தகங்களில் இருந்து எடுக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே எழுத்து ஓடுகிறது. கொழும்பில் இருக்கும் மச்சாளைப் பிடித்து அந்தப் புத்தகங்களைத் தேடி எடுப்பித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குசினியில் பருப்பு அவியும் நேரமெல்லாம் வாசித்தேன். ஆடு தொப்பி தின்கிறது, பகிடி விடுகிறது, மழைக்குப் பயந்து படகின் அடியில் ஒளிக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அது யாருக்கும் அப்பா இல்லை. பிறகு யூடியூபில், நான் சின்ன வயதில் பார்த்த பழைய சிங்களத் தொடரையும் தேடிப் பிடித்தேன். இப்போது எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். அதிலும் இல்லை.

அந்த அப்பா முழுக்க முழுக்க பர்ஹானாவின் கைவேலை. இது தெரிந்ததும் எனக்கு வந்தது வியப்பு அல்ல. அப்பட்டமான பொறாமை. சின்ன வயதில் அவள் மேல் எனக்கு இருந்த அதே பொறாமை ஒரு சொட்டும் வற்றாமல் உள்ளே இருந்திருக்கிறது.

பர்ஹானா யார் என்று சொல்கிறேன். அதற்கு முதல் எங்கள் டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் டிவி எங்களுடையது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் திருகோணமலையில், உட்துறைமுக வீதியில் இருந்தோம். மூதூர் போகும் லோஞ்ச் படகு புறப்படும் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். துறைமுகத்துப் பக்கத்து வீடுகளில் எந்த இரும்பும் உருப்படாது. யன்னல் கம்பியைத் தொட்டால் கையெல்லாம் கறள். எங்கள் அன்ரனாவும் அப்படித்தான், உப்புக்காற்று தின்று தின்று ஒவ்வொரு கம்பியாக விழுந்து, கடைசியில் மிச்சமிருந்தது பாதி. அதைத் திருப்புவதற்கு அப்பா சனிக்கிழமை காலையில் கூரையில் ஏறுவார். “தெரியுதோ?” என்று மேலே இருந்து கத்துவார். “இல்லை!” என்று நாங்கள் கீழே இருந்து கத்துவோம். “இப்ப?” “இல்லை!” “இப்ப?” இப்படியே போய், ஏதோ ஒரு கோணத்தில் திரையில் மழை நின்று வெளிச்சவீடு தெரியும். டிவி சூடேறும்போது அதன் பின்பக்கத்துத் தூசி கருகி ஒரு மணம் வரும். அந்த மணம் எனக்கு இன்றைக்கும் சனிக்கிழமையின் மணம்.

படம் தெரிந்தது, கதை விளங்கவில்லை. தொடர் ஓடியது சிங்களத்தில். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பிள்ளைக்கும் சிங்களம் தெரியாது. ஆடு பகிடி விடும், நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம். யாராவது விழுந்தால் மட்டும் சிரிப்போம். ஆனாலும் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள், சீமெந்து நிலத்தில் நெருக்கியடித்து இருப்பார்கள். நான் வீட்டுக்காரி என்பதால் எனக்குக் கதிரை. காலை ஆட்டிக்கொண்டு, ‘ஆட்கள் வந்திருக்கினம்’ என்ற நினைப்போடு இருப்பேன். என் வாழ்க்கையில் நான் ராணியாக இருந்தது அந்தக் கொஞ்சக் காலம்தான்.

பிறகுதான் பின்வளவு வீட்டுக்கு பர்ஹானாவின் குடும்பம் வாடகைக்கு வந்தது. அவளுடைய வாப்பா முதலில் மாத்தளையில் கடை வைத்திருந்தவர். அந்தக் கடை போய், அவர் சவூதிக்குப் போனார். உம்மா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான திருகோணமலைக்குத் திரும்பி வந்திருந்தார். பர்ஹானாவுக்கு என் வயது. மெலிந்த பிள்ளை, முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். அவளுடைய தம்பிக்கு மூன்று வயது இருக்கும், எந்த நேரமும் அவளுடைய இடுப்பில். மாத்தளையில் வளர்ந்ததால் அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

முதல் சனிக்கிழமை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அம்மாதான், “வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வந்து இருங்கோ” என்று கூப்பிட்டது. இதற்காக அம்மாவோடு நான் எத்தனையோ நாள் மனதுக்குள் சண்டை பிடித்திருக்கிறேன். வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆடு ஏதோ சொன்னது. எல்லாரும் சும்மா இருக்க, அவள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஏன் சிரிக்கிறீங்கள்?” என்று என் தம்பி கேட்டான்.

“ஆடு சொல்லுது, எனக்கு நீந்தத் தெரியும், கடலுக்குத்தான் என்னைத் தாங்கத் தெரியாதாம்.”

நிலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக அவள் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவுதான், என் கதிரைக்கு இருந்த மதிப்பு அந்த நிமிடத்தோடு போனது. அடுத்த கிழமையே அவளை டிவிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். இடுப்பில் தம்பி, ஒரு கண் திரையில், ஒரு கண் எங்களில். யார் என்ன கதைக்கிறார்கள் என்பதை அவரவர் குரலிலேயே சொல்வாள். சத்தங்களை விழுங்கும் மூடுபனி ராணிக்கு மூக்கால் ஒரு குரல், அண்ணனுக்கு அவசரக் குரல், ஆட்டுக்கு மட்டும் மெதுவான, களைத்த ஒரு குரல். பிள்ளைகள் திரையைப் பார்ப்பதை விட்டு அவளுடைய வாயைப் பார்த்தார்கள். டிவி எங்களுடையது என்று முன்னமே சொன்னேன்தானே?

அம்மா பிளேன்ரீ கொடுக்கும்போது அவளுக்கு மட்டும் ஒரு றஸ்க் கூட வைக்கும். “பிள்ளைக்குத் தொண்டை காய்ஞ்சிருக்கும்” என்று நியாயம் வேறு. எனக்கும் தொண்டை காய்ந்துதான் இருந்தது, எரிச்சலில். ஒரு நாள் அப்பா கூரையால் இறங்கி, கை கழுவாமலே யன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “கெட்டிக்காரப் பிள்ளை” என்றார். என்னைப் பற்றி அப்பா அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. சிங்களம் படிக்கத் தொடங்கினேன். எங்கள் சந்தியில் பேக்கரி வைத்திருந்தவர் காலிப் பக்கத்துச் சிங்களவர். முதலாளி மாமா என்போம். பாண் வாங்கப் போகும் நேரமெல்லாம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வருவேன். அவருக்குச் சரியான சந்தோசம். சீனி, மா, பருப்பு, சூடு, ருசி என்று அள்ளித் தந்தார். அவருடைய கடை வாசலுக்கு ஊருக்குள் திரியும் மான்கள் வந்து பணிஸ் சுற்றிய கடதாசியை இழுத்துத் தின்னும். அவர் வெளியே வந்து, போய்ப் புல்லைத் தின்னுங்கள், புல் எவ்வளவு ருசி என்று அந்த மான்களுக்குச் சிங்களத்தில் புத்தி சொல்வார். மான்கள் கேட்டதாகத் தெரியவில்லை, நான் கேட்டேன். இப்படி நான் படித்தது எல்லாம் சாப்பாட்டுச் சிங்களம். மூடுபனி ராணி சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தால்தான் எனக்கு விளங்கும். அவளோ சத்தங்களை விழுங்குகிறவள், பாண் தின்பவள் அல்ல.

ஆடுதான் அப்பா என்ற செய்தியை பர்ஹானா நடுவில் ஒரு கிழமை சொன்னாள். திரையில் ஆடு தங்கச்சியின் கையை நக்கிக்கொண்டு நின்றது, வேறொன்றும் நடக்கவில்லை. “இதுதான் அவையிட வாப்பா” என்றாள். “பனி அவரை ஆடாக்கிப் போட்டுது. என்ன வேணுமெண்டாலும் கதைக்கலாம். ஆனா நான்தான் வாப்பா எண்டு மட்டும் சொல்ல ஏலாது. சொன்னா மீட்ட சத்தமெல்லாம் திரும்பப் போயிடும்.” ஒழுங்கையில் அன்று முழுக்க இதே கதை. அதற்குப் பிறகு ஆடு தொப்பி தின்றாலும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அது படுகிற பாடு என்று நினைத்தோம்.

கடைசிப் பகுதி வந்தது. எல்லாச் சத்தங்களும் கிடைத்துவிட்டன, பிள்ளைகள் படகில் ஏறிவிட்டார்கள். ஆடு மட்டும் அந்தத் தீவில் நின்றுவிட்டது. படகு விலக விலக, ஆடு குனிந்து புல் மேய்ந்துகொண்டிருந்தது.

பர்ஹானா திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். “புல்லுத் தின்னுற மாதிரி நடிக்குது. அழுறது பிள்ளையளுக்குத் தெரியக் கூடாதெண்டு தலையைக் குனிஞ்சிருக்கு.”

என் தம்பி விம்மத் தொடங்கினான். குசினி வாசலில் அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆடு படகைப் பார்த்து ஏதோ சொன்னது, அதில் இரண்டு சொல் எனக்கு விளங்கியது. புல், ருசி. இவ்வளவு நாளும் நான் காத்திருந்தது இதற்குத்தான். கதிரையில் இருந்து துள்ளி எழும்பினேன்.

“பொய்! புல்லு நல்ல ருசியெண்டுதான் ஆடு சொல்லுது! தின்னத்தான் நிக்குது! எனக்குச் சிங்களம் விளங்கும்!”

“அக்கா, நீ வாயைப் பொத்து!” என்று தம்பி அழுதபடியே கத்தினான். என் சொந்தத் தம்பி. யன்னலடியில் நின்ற அப்பா, “இரும்மா, அந்தப் பிள்ளை சொல்லட்டும்” என்றார்.

பர்ஹானா கோபிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். “ஓம், அவ சொல்றது சரி. புல்லு ருசியெண்டுதான் சொல்லுது. இங்க எனக்கு நல்லம், நீங்க போங்க எண்டுது. அப்பிடிச் சொல்லாட்டி பிள்ளையள் வீட்ட போகாதுகளே.”

இப்போது எல்லாரும் அழுதார்கள். அவளைப் பிடிக்க நான் தேடிக்கொண்டுவந்த ஒரே உண்மையையும் வாங்கித் தன் கதைக்குள் போட்டுக்கொண்டாள், கதை முன்னையதிலும் நன்றாகிவிட்டது. நானும் அழுதேன். மற்றவர்கள் ஆட்டுக்காக அழுதார்கள். நான் எதற்கு அழுதேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றோடு அவள் சொன்ன அத்தனையையும் முழுதாக நம்பிவிட்டேன். நான் சொன்னதைச் சரியென்று ஒத்துக்கொண்டவள் எப்படிப் பொய் சொல்வாள்? அந்த நம்பிக்கை என் மகள் படத்தை நிறுத்தும்வரை அசையாமல் நின்றது.

அந்தப் புத்தகங்களை வாசித்து முடித்த பிறகு, மறந்துபோன வேறொன்று நினைவுக்கு வந்தது. தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவளுடைய வாப்பா லீவில் வந்தார். பெரிய பெட்டி, சென்ட் மணம், ஒழுங்கைக்கெல்லாம் டொபி. ஆனால் அவளுடைய சின்னத் தம்பி அவரிடம் போகவில்லை. அவர் கையை நீட்ட நீட்ட அவன் உம்மாவின் பின்னால் ஒளித்து, “இது ஆர்?” என்று கேட்டான். வாப்பா முழங்காலில் இருந்து, கையைத் தலையில் கொம்பு மாதிரி வைத்து, ஏதேதோ வேடிக்கை காட்டினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் திரும்பிப் போன பிறகு மாதத்தில் ஒரு நாள் கொமினிகேசன் கடையில் அவருடைய தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பார்கள். ஒரு முறை நானும் கூடப் போனேன். கதைத்துவிட்டு வெளியே வந்த பர்ஹானாவிடம், “என்னவாம்?” என்று கேட்டேன். “அங்க சாப்பாடு நல்லமாம்” என்றாள்.

ஆக, கதை அங்கே இருந்து வந்திருக்கிறது. நல்லது. ஆனால் எனக்கு ஆறவில்லை. என் அப்பா கூரையில் இருந்தார், கூப்பிட்டால் இறங்கி வந்தார். அதில் என்ன கதை கிடக்கிறது? ஒரு பிள்ளையின் ஏக்கத்தைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் எரிகிறது. நான் சிறுவர் கதை எழுதுகிறவள். பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் என் முயல்களும் நரிகளும் வந்திருக்கின்றன, புத்தகமும் போட்டேன். வாசித்ததாகச் சொன்னவன் தம்பி மட்டும்தான், அவன் லண்டனில் இருந்து சொன்னதால் நம்பவும் ஏலாது. என் எழுத்தைக் கேட்டு இதுவரை ஒருவரும் சீலைத் தலைப்பைத் தேடவில்லை. அந்த ஆட்டைப் போல ஒன்றை, ஒரேயொன்றை, நான் கட்டியிருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பர்ஹானா இப்போது கிண்ணியாவில் இருக்கிறாள். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது அவளுடைய வேலை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அதற்கு மேல் கதையில்லை. நேற்று அழைத்தேன். அது நீ கட்டின கதைதான் என்று அவள் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அதை நான் எழுதலாமா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு நாக்கு வருமா என்பது வேறு விஷயம்.

“எந்த ஆடு?” என்றாள்.

“ஆட்டுக்கடா படமடி. எங்கட வீட்டு டிவியில. நீ நிண்டு சொல்லுவாய்.”

“உங்கட வீட்டுக்கு வந்தது ஞாபகமிருக்கு. உங்கட அம்மாட றஸ்க் ஞாபகமிருக்கு. ஆடு ஒண்டும் ஞாபகமில்ல புள்ள.”

“ஆடுதான் வாப்பா எண்டு நீ சொன்னது? அது படத்தில இல்லை, புத்தகத்திலயும் இல்லை. நீயாத்தான் கட்டினனீ.”

அவள் பலமாகச் சிரித்தாள். “நானா? எனக்கு எங்க கதை வரும்? ஒரு சொல்லுக் கூடுதலாப் போட்டாலே மேலதிகாரி சிவப்பு மையால வெட்டி அனுப்புவார். கதை எழுதுறது நீதானே, நீதான் கட்டியிருப்பாய். சரி, என்னதான் நடந்தது அந்த ஆட்டுக்கு? சொல்லு.”

சொன்னேன். வெளிச்சவீட்டில் இருந்து தொடங்கி, ஆட்டுக்கு அந்தக் களைத்த குரலை வைத்து, அவள் சொன்னது சொன்னபடி, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். புல் ருசி, இங்கே எனக்கு நல்லம், நீங்கள் போங்கள் என்ற இடம் வந்தபோது அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாப்பா மௌத்தாகி அடுத்த மாதத்தோடு இரண்டு வருசம் என்று சொன்னாள்.

“எவ்வளவு வடிவாச் சொல்றாய் புள்ள” என்றாள். “இப்பிடியொரு கதை எனக்கு ஒரு நாளும் வராது. எழுது. கட்டாயம் எழுது.”

அந்தச் சொல்லுக்காக நான் சின்ன வயதில் இருந்து காத்திருந்தேன். அதுவும் இந்த ஆளின் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, அவளுடைய கதைக்கே வந்தது. “அது உன்ர கதை” என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். பகிடி விடாதே என்றாள். பிறகு சுற்றறிக்கை ஒன்று அவசரமாக முடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

உட்துறைமுக வீதி வீட்டை விற்றுவிட்டோம். அந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர் தங்கும் விடுதி. அப்பா இல்லை. பேக்கரி இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. நிலத்தில் நெருக்கியடித்து இருந்தவர்களில் பாதிப் பேர் எந்த நாட்டில் என்றே தெரியாது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், இதற்காக நான் அழவில்லை. பர்ஹானாவும் சுகமாகத்தான் இருக்கிறாள். ஆனால் இடுப்பில் தம்பியோடு எங்கள் டிவிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை, கிண்ணியாவிலும் இல்லை, எங்கேயும் இல்லை. பொறாமைப்படுவதற்குக்கூட எனக்கு இனி ஆள் இல்லை.